கள்ளுக்கடையை மூடப் போராடினவங்க கதையும் குடியை விட்டவங்க கதையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

ஆலயத்துல அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவுற நேரத்துல சில அம்மாமார் மெதுவா பக்கத்துல வந்து கேப்பாங்க, "ஐயா, வீட்டுக்காரர் குடியை நிறுத்தணும்னு சொல்றாரு, எங்க கூட்டிட்டுப் போறது?" இந்தக் கேள்வி நம்ம சமுதாயத்துக்குப் புதுசு இல்ல. இதுக்குப் பின்னால ஒரு வரலாறே இருக்கு.

வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஆளுங்க ரப்பர் தோட்டத்துக்கு வந்தப்போ, லயன் வீடு, கோயில் இதோட கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்துச்சு. அது திருட்டுக் கடை இல்ல, அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த கடை. காலையில பால் மரம் வெட்டி, சாயங்காலம் கள்ளுக்கடைக்குப் போனா, சம்பளத்துல ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போயிடும்.

நம்ம பெரியவங்க இதைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச்.நாதன் முன்னின்று நடத்தினார். கேட்டது சம்பள உயர்வு மட்டும் இல்ல. துரை எதிரே வந்தா சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்னு கேட்டாங்க, கள்ளுக்கடையை மூடுன்னும் கேட்டாங்க. மானமும் குடியும் ஒரே பட்டியல்ல இருந்துச்சு. அந்த மே மாதத்தில் நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை கிளம்பியது. தலைவர் ஏ.எம்.சாமி. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்து நின்று கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரி கடைசியில் பீடோங் பக்கம் ஹார்வார்ட் தோட்டத்தில் போலீசோடு மோதல் வந்து ஒரு தொழிலாளி உயிர் போனது. பல பேர் ஜெயிலுக்குப் போனாங்க. குடிக்கு எதிரா உயிர் கொடுத்த சமுதாயம் நம்முடையது. நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆனா கடையை மூடினா மட்டும் குடி போயிடாது. கள்ளு குறைஞ்ச இடத்துல மலிவு விலை சம்சு வந்துச்சு. தோட்டத்தைத் துண்டு போட்டு வித்ததும் ஆளுங்க பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தாங்க, போத்தலும் கூடவே வந்துச்சு. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் பக்கம் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 30 பேருக்கு மேல் செத்தார்கள்.

இனி இன்னொரு ஊர்க் கதை. 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்ற பங்குச் சந்தை ஆள், குடியை விட்டு அஞ்சாறு மாசம்தான் ஆகியிருந்தது. வந்த வியாபாரம் கெட்டுப் போச்சு, கையில காசு இல்ல, ஹோட்டல்ல ஒரு பக்கம் பார். அவர் பாருக்குப் போகல. போனை எடுத்து ஊர்ல இருக்கிற பாதிரியார்களைக் கூப்பிட்டு, தன்னை மாதிரி இன்னொரு குடிகாரன்கிட்ட பேசணும்னு கேட்டார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித் கிடைச்சார். 15 நிமிஷம்தான்னு சொல்லி வந்த டாக்டர் மணிக்கணக்கா பேசினார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அதையே ஏ.ஏ. இயக்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. குடிக்கிறவனுக்கு நாம ஆயிரம் புத்தி சொல்லலாம். குடிச்சு எழுந்தவன் சொன்னாத்தான் அவன் காதுல ஏறுது. தொழிற்சாலையில இத்தனை வருஷமா ஆளுங்களை வச்சு வேலை வாங்குறேன். சம்பளம் போட்ட மறுநாள் ஷிப்டுக்கு வராதவனுக்கு வார்னிங் லெட்டர் கொடுத்தா லீவு குறையும், குடி குறையாது.

ஏ.ஏ. கூட்டம் நம்ம நாட்டிலும் சிங்கப்பூரிலும் நடக்குது. கட்டணம் இல்ல. முழுப் பெயர் சொல்லத் தேவையில்ல. குடியை விடணும்ங்கிற ஆசை ஒன்னுதான் தகுதி. மதம் மாத்துவாங்களோன்னு சிலர் பயப்படுறாங்க. ஆரம்பத்துல கிறிஸ்துவப் பின்னணி இருந்தது உண்மைதான், ஆனா கடவுளை அவங்கவங்க புரிஞ்ச மாதிரி வச்சுக்கலாம். உங்களுக்கு முருகன்னா முருகன்தான். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு 1951-லிருந்து இருக்கிறது.

தேடும்போது மூணு விஷயம் கேளுங்க. எந்த மொழியில பேசுவாங்க? வேலை முடிஞ்சு போற நேரமா? யாரும் வரலாமா, குடியை விட நினைக்கிறவங்க மட்டுமா? ஒரு கூட்டம் ஒத்து வரலன்னா இன்னொன்னுக்குப் போய்ப் பாருங்க.

இதை முக்கியமா படிங்க. வருஷக்கணக்கா தினமும் அதிகமா குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்து. கோயில்ல சத்தியம் பண்ணி ஒரே நாள்ல நிறுத்தச் சொல்லாதீங்க. முதல்ல அரசாங்க கிளினிக் டாக்டரைப் பாருங்க, அப்புறம் சத்தியம் பண்ணலாம்.

கடைசியா ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் சாயங்காலம் மண்டபத்துல ஒரு சின்ன அறையைத் திறந்து விடலாமே? இவங்க வெளியார் நன்கொடை வாங்க மாட்டாங்க, வாடகையைக்கூட அவங்களே கொடுப்பாங்க. நாம செய்ய வேண்டியது கதவைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, வெளியே வந்துடறதுதான். படம் எடுக்கக் கூடாது, யார் வந்தாங்கன்னு வெளியே பேசக் கூடாது. திருவிழாவுக்கு அவ்வளவு செலவு செய்ற நமக்கு இது பெரிய காரியமா?

பீடோங்கில் உயிர் கொடுத்தவருக்கு நாம செய்ற மரியாதை அதுவாத்தான் இருக்கும்.

தேவைப்படுறவங்க கண்ணுல படட்டும், பகிருங்க. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.