இரும்பு "போதும்" என்று சொல்லும் இடம்

இன்னைக்கு எபிசோடோட நாயகன் ஒரு வளைகோடு.

மோட்டாருக்குள்ள சுருளில் கரண்ட்டைக் கூட்டக் கூட்ட, இரும்பில் காந்தப்புலமும் கூடும். ஆனா ஒரு அளவு வரைக்கும்தான். சுமார் 2 டெஸ்லாவை நெருங்கும்போது இரும்பு "போதும்டா சாமி"ன்னு சொல்லிடும். அதுக்கு மேல கரண்ட்டை இரட்டிப்பாக்கினாலும் காந்தம் கொஞ்சம்தான் ஏறும். இதுதான் தெவிட்டல், அதாவது சாச்சுரேஷன்.

1886-ல் இங்கிலாந்தின் ஜான் ஹாப்கின்சனும் அவர் தம்பி எட்வர்டும் ஒரு டைனமோவோட அளவுகளையும், அதன் இரும்பை அளந்து வரைந்த வளைகோட்டையும் எடுத்துக்கிட்டாங்க. அதை வெச்சு அந்த டைனமோ எப்படி வேலை செய்யும்னு கணக்குப் போட்டாங்க. சோதனையோட ஒப்பிட்டும் பார்த்தாங்க. கம்ப்யூட்டர் இல்லாத காலத்து சிமுலேஷன்!

அடுத்த திருப்பம் 1929. ஜெனரல் எலக்ட்ரிக்கில் இருந்த ராபர்ட் பார்க், சுழலும் ரோட்டர் மேல உட்கார்ந்து பார்க்கிற மாதிரி சமன்பாடுகளை மாற்றி எழுதினார். சிக்கல் நிறைய கரைஞ்சது. ஆனா அதுக்கு ஒரு விலை இருந்தது: இரும்பு தெவிட்டாது என்று வைத்துக்கொண்டார். கணக்கு வேகமாச்சு, வளைகோடு நேர்கோடாச்சு.

1970-ல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பீட்டர் சில்வெஸ்டரும் எம்.வி.கே. சாரியும் அந்த வளைவைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. குறுக்குவெட்டுப் படத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களா வெட்டணும். இங்கேதான் சிக்கல்: காந்தப்புலம் தெரிஞ்சாத்தான் இரும்போட குணம் தெரியும், குணம் தெரிஞ்சாத்தான் புலம் தெரியும். அதனால ஒரு விடையை ஊகிச்சு, பிழையைப் பார்த்து, திருத்தித் திருத்திக் கம்ப்யூட்டர் நெருங்கும். துல்லியம் உண்டு, நேரமும் பிடிக்கும்.

இப்போ ஒரு மின்சார ஸ்கூட்டரை எடுத்துப்போம். ரெண்டு பேரோட மேம்பாலம் ஏறும்போது மோட்டார் இரும்பு தெவிட்டலாம். அதைக் கணக்கில் எடுக்காத கன்ட்ரோலர், இல்லாத முறுக்குவிசையை இருக்குன்னு நம்பும். ஓடும்போது முக்கோணக் கணக்கு போட நேரமும் கிடையாது. அதனால பொறியாளர்கள் ஒரு வேலை செய்றாங்க: ஒவ்வொரு கரண்ட் அளவுக்கும் விடையை முன்னாடியே கணக்கிட்டு அட்டவணையா சேமிக்கிறாங்க. பார்க்கின் சமன்பாடுகள் அப்படியே இருக்கும். மாறாத எண் இருந்த இடத்தில் மட்டும் அட்டவணை உட்காரும்.

வேகத்துக்காக அன்னைக்குத் தூக்கிப்போட்ட வளைகோடு, வேகம் குறையாமலே திரும்பி வந்த கதை இது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!