தோளுக்கேற்ற துப்பாக்கி

சேவூர், அவிநாசி, திருப்பூர் பக்கம் யாரிடம் கேட்டாலும் பனியன் சைஸ் சொல்வார்கள். 75, 80, 85, 90 என்று சென்டிமீட்டர் கணக்கு. ஒரே டிசைன், ஒரே துணி, ஆனால் சைஸ் மாறினால் கட்டிங் மாறும். 90 சைஸ் பனியனை 75 சைஸ் ஆளுக்குக் கொடுத்தால் தொளதொளவென்று தொங்கும். அதற்காக அந்த ஆளின் உடம்பு சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை, பனியன்தான் சரியில்லை என்பார்கள்.

துப்பாக்கி விஷயத்தில் மட்டும் இது ரொம்ப காலம் தலைகீழாக இருந்தது. உயரம் குறைந்தவர்கள், ஒல்லியானவர்கள், பெண்கள், சிறுவர்கள் ஷாட்கன் எடுத்துச் சுட்டு, குறி தவறி, தோள் கன்றிப் போய்த் திரும்பினால், "இதெல்லாம் உனக்கு ஒத்து வராது" என்றுதான் சொன்னார்கள். துப்பாக்கிக்கும் சைஸ் உண்டு என்பது எப்போது தெரிந்தது, தெரிந்த பிறகும் அது ஏன் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பது ஒரு சுவாரஸ்யமான வரலாறு.

கண்தான் பின்குறி

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ரைஃபிளில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி என்று இரண்டு இருக்கும். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து சுட வேண்டும். ஷாட்கன்னில் பொதுவாகக் குழலின் நுனியில் ஒரு சின்ன மணி மட்டும்தான் உண்டு, பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி! கன்னத்தைக் கட்டையின் மேல் பதித்ததும் கண் எந்த இடத்தில் வருகிறதோ, அதை வைத்துத்தான் ரவை போகும் இடம் முடிவாகிறது.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்கள். கண்ணுக்கும் குழல் நுனிக்கும் இடையே சுமார் 1 மீட்டர் தூரம். கட்டையின் உயரம் பொருந்தாமல் கண் 3 மில்லிமீட்டர் மேலே போய்விட்டது என்று வையுங்கள். 36 மீட்டர் தூரத்தில் அந்த 3 மில்லிமீட்டர் 36 மடங்காகி 108 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒலிம்பிக் ட்ராப் போட்டியில் பறக்கவிடும் களிமண் தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர். ஆக, இரண்டு நாணயத்தின் கனம் அளவுக்குக் கட்டை பொருந்தாமல் போனால், ரவைக் கூட்டத்தின் மையம் கிட்டத்தட்ட ஒரு தட்டு அளவு விலகிவிடுகிறது. சுடுபவருக்குத் திறமை இல்லை என்று ஊர் சொல்லும்!

பட்டாளத்துக்கு முதலில் தெரிந்தது

இந்தியாவில் துப்பாக்கியின் அளவு மாறிய பழைய கதைகளில் ஒன்று கிழக்கிந்திய கம்பெனியுடையது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தின் மஸ்கட் துப்பாக்கிக் குழல் முதலில் 46 அங்குலம், பிறகு 42 அங்குலம். கம்பெனி தன் படைகளுக்காகச் செய்துகொண்டதில் குழல் 39 அங்குலம்தான். செலவும் குறைவு, எடையும் குறைவு. 'இந்தியா பேட்டர்ன்' என்று பெயர் பெற்ற இந்தத் துப்பாக்கியை, பிரான்சுடன் போர் மூண்டபோது 1790-களில் பிரிட்டிஷ் ராணுவமே எடுத்துக்கொண்டது. இந்தியாவுக்காகக் குட்டையாகச் செய்ததை உயரமான வெள்ளைக்காரச் சிப்பாய்களும் தூக்கிக்கொண்டு நெப்போலியனோடு சண்டை போட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அதைவிட முக்கியமான மாற்றம் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. லீ என்ஃபீல்டு ரைஃபிளின் பின்கட்டையை ஒரே அளவில் செய்யாமல் பல அளவுகளில் செய்தார்கள். நீளமானது, சாதாரணமானது, குட்டையானது, அதைவிடக் குட்டையான 'பாண்டம்'. கட்டையின் மேல் ஒரு எழுத்து குத்தியிருக்கும். நம் பனியன் கழுத்தில் இருக்கும் சைஸ் லேபிள் மாதிரிதான். லட்சக்கணக்கில் தயாரிக்கும் பொருளிலும் சைஸ் வைக்க முடியும் என்று ராணுவம் அப்போதே காட்டிவிட்டது.

லண்டனுக்கு வந்த ஐந்தடிப் பெண்

வேட்டைத் துப்பாக்கி பக்கம் வந்தால் கதை வேறு. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்காரர்கள் தையல்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுப்பது போலவே துப்பாக்கிக்காரரிடமும் அளவு கொடுத்தார்கள். டிரிக்கரிலிருந்து கட்டை முனை வரை எவ்வளவு நீளம், கன்னம் படும் இடம் எவ்வளவு இறக்கம், கட்டை எந்தப் பக்கம் லேசாக வளைய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. 1889-ல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் பால்மர் ஜோன்ஸ் 'ட்ரை கன்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் கட்டையை ஸ்க்ரூ திருகி நீட்டலாம், குறைக்கலாம், ஏற்றலாம், இறக்கலாம். வாடிக்கையாளருக்குப் பொருந்தியதும் அளவைக் குறித்துக்கொண்டு மரத்தில் செதுக்குவார்கள். டெய்லர் கடையில் ட்ரையல் பார்ப்பது போலத்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1887-ல், பஃபலோ பில்லின் காட்சிக் குழுவோடு அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்தவர் ஆனி ஓக்லி. 1860-ல் ஒஹாயோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே வேட்டையாடி வீட்டைக் காப்பாற்றியவர். உயரம் சுமார் 5 அடிதான். அமெரிக்காவில் புகழின் உச்சியில் இருந்த அவருக்கு, கையோடு கொண்டுவந்த துப்பாக்கிகளின் எடையும் கட்டை அளவும் பொருந்தவில்லை என்று லண்டனில் சார்லஸ் லங்காஸ்டர் என்ற துப்பாக்கி நிறுவனம் கண்டுபிடித்தது. அவர் உடம்புக்கு அளவெடுத்து, எடை குறைந்த துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தார்கள். உலகமே வியந்த ஒருவருக்கே துப்பாக்கி பொருந்தாமல் இருந்திருக்கிறது என்றால் மற்றவர்கள் நிலை என்ன?

ரெடிமேட் காலம்

20-ம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் ஷாட்கன்னை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளின. விலை குறைந்தது, ஆனால் அளவும் ஒன்றாகிப் போனது. டிரிக்கரிலிருந்து கட்டை முனை வரை 14 முதல் 14½ அங்குலம். இது நடுத்தர உயரமுள்ள மேல்நாட்டு ஆணின் அளவு. வாங்குபவர்களில் பெரும்பாலோர் அவர்களே என்பதால் கம்பெனிகளுக்குக் கணக்கு சரியாக வந்தது. மற்றவர்கள் சமாளித்துக்கொண்டார்கள் அல்லது விலகிப் போனார்கள்.

விலகாதவர்களும் உண்டு. கனடாவின் சூசன் நாட்ரஸ் 1976-ல் ஒலிம்பிக் ட்ராப் போட்டியில் ஆண்களோடு நின்று சுட்டார். ஒலிம்பிக் ட்ராப்பில் கலந்துகொண்ட முதல் பெண் அவர்தான். 1992 பார்சிலோனாவில் சீனாவின் ஷாங் ஷான், ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிட்ட ஸ்கீட் பிரிவில் தங்கம் வென்றார். இறுதிச் சுற்றுக்கு முன்பு 200 தட்டுக்கு 200! ஆனால் அடுத்த ஒலிம்பிக்கில், 1996-ல், ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. தங்கம் வென்றவர் அதைத் தக்கவைத்துக்கொள்ள வாய்ப்பே இல்லை. பெண்களுக்கான தனி ட்ராப், ஸ்கீட் போட்டிகள் 2000 சிட்னியில்தான் வந்தன.

பெண்களின் உடலமைப்பை மனதில் வைத்து, கட்டையின் நீளம், கன்னம் படும் உயரம், தோளில் படும் கோணம் எல்லாவற்றையும் மாற்றி இத்தாலிய கம்பெனிகள் தனி ரகங்களை விற்கத் தொடங்கியது 2010-களில்தான். ஆனி ஓக்லிக்கு அளவெடுத்து நூற்றிருபது வருடம் கழித்து!

இந்தியாவில்

இந்தியாவில் ட்ராப் ஷூட்டிங் என்றாலே பிகானேர் மகாராஜா கர்ணி சிங் பெயர்தான் முதலில் வரும். ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர், 1962 கெய்ரோ உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றவர். டெல்லி துக்ளகாபாத் ரேஞ்ச் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவருடைய மகள் ராஜ்யஸ்ரீ குமாரி சின்ன வயதிலேயே துப்பாக்கி எடுத்து, 1968-ல், டீன் ஏஜிலேயே, அர்ஜுனா விருது பெற்றார். சிறிய தோளாலும் சுட முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அது அரண்மனைத் தோள்.

அதற்குப் பிறகும் பெயர்கள் பெரும்பாலும் வசதியான குடும்பங்களிலிருந்தே வந்தன. 2012 லண்டனில் ஒலிம்பிக் ட்ராப்புக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஷகுன் சௌத்ரி. 2024 பாரிஸில் பெண்கள் ட்ராப்பில் ஸ்ரேயசி சிங்கும் ராஜேஸ்வரி குமாரியும் சுட்டார்கள். ஆண்கள் பிரிவில் நம் புதுக்கோட்டை தொண்டைமான் குடும்பத்து பிரித்விராஜ் தொண்டைமான். யாருடைய திறமையையும் இது குறைக்காது. ஆனால் காரணம் புரிந்துகொள்ள வேண்டியது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கியைச் சாதாரண ஆள் இறக்குமதி செய்ய முடியாது, பெயர் பெற்ற ஷூட்டர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது நல்ல துப்பாக்கி வேண்டுமென்றால் முதலில் ஜெயிக்க வேண்டும், ஜெயிக்க வேண்டுமென்றால் நல்ல துப்பாக்கி வேண்டும்!

இந்த வட்டத்தை உடைத்தவர்களில் ஒருவர் மனிஷா கீர். போபாலைச் சேர்ந்த மீனவர் ஒருவரின் மகள். மத்தியப் பிரதேச அரசின் ஷூட்டிங் அகாடமியில் சேர்ந்து பயிற்சி எடுத்து, 2018-ல் ஜூனியர் உலக சாம்பியன்ஷிப் ட்ராப்பில் வெள்ளி வென்றார். துப்பாக்கி, தோட்டா, பயிற்சி என்று ஒரு குடும்பத்தால் தாங்க முடியாத செலவை ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் உதாரணம்.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்?

இந்த வரலாறு சின்ன உடம்புக்காரர்களுக்குச் சொல்லும் பாடங்கள் சில.

1. கட்டை நீளம்தான் முதல். கன்னத்தைப் பதித்துப் பிடிக்கும்போது மூக்குக்கும் டிரிக்கர் கையின் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருந்தால் போதும். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து அளக்கும் பழைய முறை கையின் நீளத்தை மட்டும் சொல்லும். கழுத்து, தோள், கன்னம் பற்றி ஒன்றும் சொல்லாது.

2. "சின்ன ஆளா? லேசான துப்பாக்கி கொடு" என்பது பாதி உண்மை. அதே தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கிக்குப் பதில் 2.7 கிலோ துப்பாக்கியில் போட்டால் பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். எடையைக் குறைத்தால் தோட்டாவின் பலத்தையும் குறைக்க வேண்டும்.

3. எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இரண்டு கைக்கும் நடுவில் எடை நின்றால் தூக்குவது சுலபம். முன்பக்கம் கனத்தால் சுடுபவர் இடுப்பைப் பின்னால் வளைத்துத் தாங்குவார், அப்போதே குறி போய்விடும்.

4. கட்டையின் அடிமுனை மார்பில் குத்தினால் கோணம் தவறு. பொறுத்துக்கொண்டு பழகினால் அடுத்த குண்டுக்கு முன்பே கண் மூடிக்கொள்ளும் பழக்கம்தான் வரும்.

5. முதலில் குட்டையான கட்டையை வாங்கி, வளர வளர முனையில் பட்டை சேர்த்து நீட்டலாம். நல்ல மரவேலைக்காரர் செய்துவிடுவார். பள்ளி யூனிஃபார்முக்கு மடிப்பு விட்டுத் தைப்பது போல.

பனியன் தொழிலில் ஒரு சைஸ் கூடினால் பேட்டர்ன் கூடும், ஸ்டாக் கூடும், செலவு கூடும். ஆனாலும் எந்த முதலாளியும் 90 சைஸ் மட்டும் போட்டுவிட்டு, மற்றவர்கள் உடம்பை வளர்த்துக்கொள்ளட்டும் என்று சொல்வதில்லை. ஒரு ஷூட்டிங் கிளப்பில் பத்து துப்பாக்கி இருந்தால் அதில் இரண்டாவது குட்டைக் கட்டையோடு இருக்க வேண்டும் என்பதும் அதே கணக்குதான். அந்த இரண்டு இல்லாததால் முதல் நாளே தோள் வலியோடு வீட்டுக்குப் போய், திரும்பி வராமலேயே இருந்துவிட்டவர்களை எந்தப் பதக்கப் பட்டியலிலும் தேட முடியாது.