வாள் தடைக்குப் பின் வளர்ந்த வாட்கலை

கெண்டோ என்னும் ஜப்பானிய வாட்கலையைப் பயில்பவர் கையில் பிடிப்பது ஷினாய். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துத் தோல் உறைகளால் இறுக்கிய கழி அது. வயது வந்த ஆண்கள் பிடிக்கும் ஷினாயின் நீளம் 120 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. எடை 510 கிராமுக்குக் குறையக் கூடாது. நுனியிலிருந்து பிடிவரை அதன் ஒரு பக்கத்தில் ஒரு கயிறு விறைப்பாக ஓடும். கயிறு உள்ள பக்கம் வாளின் முதுகு, எதிர்ப்பக்கம் வெட்டும் வாய். வாய்ப்பக்கம் படாத அடி எவ்வளவு பலமாக விழுந்தாலும் புள்ளி கிடையாது. கழியை வாளாகவே பாவிக்கும் இந்த விதிக்குப் பின்னால் முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

15, 16ஆம் நூற்றாண்டுகளின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஜப்பானில் பல வாட்பள்ளிகள் தோன்றின. ஒவ்வொன்றும் தன் முறைகளைக் கட்டா எனப்படும் அடவுத் தொடர்களாகப் பாதுகாத்தது. மர வாளைக்கொண்டு இருவர் எதிரெதிரே நின்று, அடியும் தடையும் முன்கூட்டியே வகுக்கப்பட்ட வரிசையில் பயில்வார்கள். மர வாளும் மண்டையைப் பிளக்கும் என்பதால் வேகத்தோடு மோதிப் பார்க்க வழியில்லை. ஷின்காகே பள்ளியை நிறுவிய காமிஇசுமி நொபுத்சுனா, பிளந்த மூங்கிலைத் தோல் பைக்குள் செருகிப் பயன்படுத்தினார். ஷினாயின் மூதாதை அதுதான்.

1603இல் டோகுகாவா ஆட்சி நிலைபெற்றதும் போர்கள் ஓய்ந்தன. சாமுராய் இடுப்பில் வாள் இருந்தது. அதற்கு வேலை இல்லை. பள்ளிகளின் அடவுகள் மெல்ல மெல்ல அழகுக்காக ஆடப்படும் ஆட்டமாயின. இதைக் கண்டு கவலைப்பட்ட ஆசான்கள் கவசத்தைச் சீர்செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகனுமா குனிசாதோவும், நடுப்பகுதியில் இத்தோ பள்ளியைச் சேர்ந்த நாகானிஷி சூசோவும் முகமூடி, கையுறை, மார்புக் கவசம் ஆகியவற்றை மேம்படுத்தினர். முழு வீச்சில் அடித்துப் பழகுவது அதன் பிறகே சாத்தியமாயிற்று. மூங்கிலால் அடித்துக்கொள்வது விளையாட்டு, வாட்கலை ஆகாது என்று பழைய முறையினர் ஏளனம் செய்தார்கள். ஆனால் மாணவர்கள் புதிய முறையைத்தான் நாடிப் போனார்கள்.

வாட்கலைக்குப் பெரிய அடி, டோகுகாவா ஆட்சியை அடுத்து வந்த மெய்ஜி ஆட்சியில் விழுந்தது. சாமுராய் வகுப்பின் சலுகைகள் ஒவ்வொன்றாகப் பறிபோக, 1876இல் பொது இடத்தில் வாள் அணிவதற்கே தடை வந்தது. படையினர், காவலர்கள் போன்றோருக்கு விலக்கு இருந்தது. பிழைப்பின்றி நின்ற வாள்வீரர்களைத் திரட்டிய சகாகிபாரா கென்கிச்சி, தடைக்கு முன்பே 1873இல் டோக்கியோவின் அசகுசாவில் கட்டணம் வாங்கி வாட்போட்டி நடத்தியிருந்தார். ஒரு காலத்தில் டோகுகாவா ஆட்சித் தலைவரான ஷோகுனுக்குக் காவல் நின்றவர் அவர். வித்தையைக் கூத்தாக்கிவிட்டார் என்ற பழி அவர்மீது விழுந்தாலும், அந்த நெருக்கடியில் பல ஆசான்களின் அடுப்பு எரிந்தது அவரால்தான்.

கலைக்கு மறுவாழ்வு காவல் துறையிலிருந்து வந்தது. 1877இல் சாமுராய்த் தலைவர் சைகோ தகாமோரியின் கலகத்தை அடக்கும்போது தபாருசகா போர்முனையில் காவலர்களின் வாட்படை திறம்படப் போரிட்டது. டோக்கியோ காவல் துறை வாட்பயிற்சியை ஏற்றுக்கொண்டது; இன்றுவரை ஜப்பானின் முன்னணி கெண்டோ வீரர்களில் பலர் காவலர்களே. 1895இல் கியோட்டோவில் பூதொகுகாய் என்னும் அமைப்பு உருவாகி, சிதறிக் கிடந்த பள்ளிகளை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தது. 1911இல் இடைநிலைப் பள்ளிகளில் வாட்பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மறு ஆண்டு, பல பள்ளிகளின் ஆசான்கள் அடங்கிய குழு பொதுவான 10 அடவுகளை வகுத்தது: ஏழு நெடுவாளுக்கு, மூன்று குறுவாளுக்கு. கெண்டோவின் வரலாற்றில் மிகப் பெரிய முடிவு இதுவே. தத்தம் இரகசியத்தைக் கட்டிக்காத்த பள்ளிகள், நாடு முழுவதும் ஒரே மாதிரி கற்பிக்கத்தக்க பாடத்துக்கு இசைந்தன.

அந்தப் பாடத்தையே பின்னர் போர்வெறி அரசு தன் படைப் பயிற்சிக்கு வளைத்துக்கொண்டது. அதற்கான விலையை 1945இல் கொடுக்க நேர்ந்தது. நேசநாட்டு ஆக்கிரமிப்பு அதிகாரிகள் பள்ளிகளில் கெண்டோவைத் தடை செய்தனர். 1946இல் பூதொகுகாய் கலைக்கப்பட்டது. 1950இல் போர்ச்சாயல் நீக்கிய ஷினாய்ப் போட்டியாக கெண்டோ மீண்டும் தலைகாட்டியது. 1952இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு அமைந்தது. 1970இல் முதல் உலகப் போட்டி நடந்தது.

இன்றைய போட்டி ஐந்து நிமிடம் நடக்கும். முதலில் இரு புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகிய நான்கு இடங்களில் விழும் அடியே செல்லும். குரலும் கழியும் காலடியும் ஒரே கணத்தில் இணைய வேண்டும். அடித்த பிறகும் விழிப்புத் தளரக் கூடாது. குதித்துக் கொண்டாடினால் கிடைத்த புள்ளியும் பறிபோகும்.

ஜப்பானிய மல்வித்தையை இந்தியாவுக்கு வரவழைத்தவர்களில் முன்னோடி இரவீந்திரநாத் தாகூர். அவர் அழைப்பில் தகாகாகி ஷின்சோ 1929இல் சாந்திநிகேதனுக்கு வந்து ஜூடோ கற்பித்தார். கெண்டோ வந்தது வெகு காலம் கழித்து. மும்பையின் செம்பூர், மாட்டுங்கா பக்கம் கராத்தே வகுப்பு பழகிப்போன காட்சி. கெண்டோவோ அங்கே இன்னும் சிறு குழுக்களின் பயிற்சியாகவே இருக்கிறது. கவசத்தின் விலையும் தகுதி பெற்ற ஆசான்களின் பற்றாக்குறையும் பெரிய தடைகள்.

ஜப்பானைப் போலவே தமிழகத்திலும் ஆயுதம் பறிக்கப்பட்டது. பாளையக்காரர் போர் முடிந்த 1801இல் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி கம்பெனி ஆட்சி ஆணையிட்டது. 1878இன் ஆயுதச் சட்டம் பிடியை மேலும் இறுக்கியது. ஜப்பானில் வாளைப் பறித்த அரசே கலையைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றியது. இங்கே பறித்தது அந்நிய அரசு, கலையைத் தூக்கி நிறுத்த எவரும் இல்லை. சிலம்பம் திருவிழாக்களிலும் ஊர்க்களங்களிலும் ஆசான்களின் சொந்த முயற்சியால் பிழைத்தது. வாள்வீச்சும் சுருள்வாளும் அதன் நிழலில் ஒதுங்கின. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. ஆனால் சிலம்பத்தின் காலடியும் வீச்சும் ஊருக்கு ஊர், ஆசானுக்கு ஆசான் வேறுபடுகின்றன. மூத்த ஆசான்கள் இருக்கும்போதே அவர்களை ஒரே களத்தில் கூட்டி, 1912இல் ஜப்பானியர் செய்ததுபோல் பொது அடவுகளை வகுத்து எழுதிவைக்கும் வேலையைச் சிலம்ப அமைப்புகள் இனியும் தள்ளிப்போடக் கூடாது.