கொடை, உரிமை, ஒப்பந்தம்: நோயுற்ற குழந்தையும் இணுவில் தரும் பாடமும்

அமெரிக்க இலங்கை மிசனார் 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமெனத் திறந்த மக்லியொட் வைத்தியசாலையை ஊரார் ‘இணுவில் ஆஸ்பத்திரி’ என்றே வழங்கினர். மேரி, மார்கிரட் லீச் சகோதரியர் மேனாடுகளில் திரட்டிய நன்கொடை அதற்கு மூலதனமாயிற்று. டொக்டர் இசபெல்லா கர் அதன் தொடக்ககால மருத்துவராய்ப் பணியாற்றினார். ஆண் மருத்துவரை நாடத் தயங்கிய தாய்மார்க்கு அது செய்த தொண்டு பெரிது. ஆயினும் நோயுற்ற குழந்தையின் படுக்கை, கடல் கடந்த கொடையாளியின் மனத்தையே நம்பியிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

கொடை உரிமையாக மாறியது அரசியலால் ஆகும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டை உலுக்கியது. வாக்காளர்க்குப் பதில் சொல்லவேண்டிய நிலையிலிருந்த அமைச்சர்கள் கிராமப்புற வைத்தியசாலைகளைப் பெருக்கினர். 1951இல் அரசு வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. பின்னர் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டபோது வருவோர் தொகை வீழ்ந்தது. 1977இல் அக்கட்டணம் கைவிடப்பட்டது. வறியோர்க்குச் சிறு தொகையும் தடைச்சுவரே என்பதை இவ்வனுபவம் நிறுவிற்று.

மூன்றாவது கட்டம் ஒப்பந்தம் ஆகும். பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டு அரசு 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்காக அரசே கட்டணத்தைத் தனியார் காப்புறுதி நிறுவனத்துக்குச் செலுத்தியது. பெருஞ் சத்திரசிகிச்சைக்கு வழியற்றிருந்த பல குடும்பங்கள் பயனடைந்தன. இதனை மறுப்பது நேர்மையன்று. 2012இல் வந்த புதிய திட்டம் பொதுத்துறை நிறுவனமொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் பட்டியலிட்ட சிகிச்சைக்கு உச்சவரம்புக்குள் பணம் என்னும் அடிப்படை மாறவில்லை.

கொடுநோயுற்ற குழந்தைக்கு இவ்வடிப்படையே பொருந்தாதது என்பது எமது கருத்து. குழந்தைகளிடையே மிகுதியாய்க் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் சிகிச்சை வேண்டும். அதன் பெரும்பகுதி வெளிநோயாளர் பிரிவிலேயே நிகழும். முதலாம் வகை நீரிழிவுற்ற சிறுவனுக்கு வாழ்நாள் முழுதும் நாள்தோறும் இன்சுலின் வேண்டும். ஒருமுறை செய்து முடிக்கும் சத்திரசிகிச்சைக்கு விலை குறிக்கலாம். முடிவுறாப் பராமரிப்புக்கு எவ்வாறு குறிப்பது? இலாபம் நாடும் நிறுவனத்தின் கணக்கில் இத்தகைய குழந்தை நட்டமேயன்றி வேறன்று.

இலங்கையில் 2017இல் தொடங்கிய பாடசாலை மாணவர்க்கான ‘சுரக்ஷா’ காப்புறுதி, கட்டணமற்ற வைத்தியசாலைகள் நிலைத்திருந்த சூழலில் அமைந்தது. ஆகவே அது துணையாக நின்றது. ஆனால் துணை தூணாகிவிடலாகாது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரசு வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது பெற்றோர் வெளியே வாங்க நேர்ந்தது. பொதுச்சேவை தளருமிடத்திலேயே சந்தை நுழைகிறது. இணுவிலிலிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். சிகிச்சை இலவசமாயினும், குழந்தையுடன் செல்லும் தாய் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் கூலியிழப்புக்கும் ஈடுதேட வேண்டியவளாகிறாள்.

எனவே பொதுப்பணம் முதலில் செல்லவேண்டிய இடம் காப்புறுதிக் கட்டணமன்று. மருந்துக் களஞ்சியமும், வடக்கிலேயே அமையும் குழந்தைச் சிகிச்சைப் பிரிவுகளும், அத்தாயின் பயணச் செலவுமாம். கொடையிலிருந்து உரிமைக்கு வர எம்மவர்க்கு அரை நூற்றாண்டு சென்றது. உரிமையிலிருந்து ஒப்பந்தத்துக்கு இறங்க ஒரு கையொப்பம் போதும்.