சூட்டைத் தாங்கும் தோல்

மின்சாரத்தால் உலையைக் காய்ச்சும் கம்பிக்கோ கோலுக்கோ என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால், உருகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எவர் வாயிலும் முதலில் வரும் பதில். அது பாதிதான் சரி. உலோகங்களிலேயே கடைசியாக உருகுவது டங்ஸ்டன். அதை உருக்க 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் டங்ஸ்டன் கம்பியைத் திறந்த காற்றில் சிவக்கக் காய்ச்சினால், உருகுவதற்கு வெகு முன்பே ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சள் பொடியாக உதிர்ந்துவிடும். மாலிப்டினம் டைசிலிசைடோ 2,030 டிகிரியிலேயே உருகக் கூடியது. ஆனாலும் 1,700 டிகிரியில், காற்று தாராளமாகப் புழங்கும் உலைக்குள், மாதக்கணக்கில் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். உருகுநிலைப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலின் வரலாற்றைப் படிக்க முடியாது. காற்றுள்ள உலையில் நிலைத்தவை முக்கியமாக இரண்டு வகை: இனி எரிய ஒன்றுமில்லாதவை, அல்லது சூடேறும்போது தம் மேல் தாமே ஒரு தோலைப் போர்த்திக்கொண்டவை. இந்த இரண்டையும் மனிதன் அடைந்தது பெரும்பாலும் தூய பொருளால் அல்ல, கலப்பால்.

முதல் வகைக்கு மூலவர் வால்தர் நெர்ன்ஸ்ட். 1897-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் அவர் உருவாக்கிய விளக்கில் கம்பி இல்லை. சிர்க்கோனியாவில் கொஞ்சம் இட்ரியா கலந்து சுட்ட ஒரு மெல்லிய பீங்கான் குச்சி இருந்தது. இரண்டும் ஆக்ஸைடுகள், அதாவது ஏற்கெனவே எரிந்து முடிந்தவை. சாம்பல் மறுபடி எரியாது என்பது அடுப்பூதிய எவருக்கும் தெரியும். எடிசன் காலத்துக் கரி இழைக்குக் காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குமிழ் வேண்டியிருந்தது. நெர்ன்ஸ்டின் குச்சி காற்றிலேயே நின்று ஒளிவிட்டது. ஆனால் குளிர்ந்த நிலையில் அது மின்சாரத்தைக் கடத்தாது. முதலில் தீக்குச்சியாலோ ஸ்பிரிட் விளக்காலோ அதைச் சூடாக்க வேண்டும். பிற்பாடு அந்த வேலைக்குப் பக்கத்திலேயே பிளாட்டினக் கம்பிச் சுருள் வைத்தார்கள். சூடேறிய பின் தொல்லை எதிர்ப்பக்கமாகத் திரும்பும். சூடு ஏற ஏற மின்தடை இறங்கும், மின்தடை இறங்க இறங்க மின்னோட்டம் ஏறும், விட்டுவிட்டால் குச்சி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதைக் கட்டுப்படுத்த, சூட்டோடு மின்தடை ஏறும் இரும்புக் கம்பியைத் தொடரில் இணைத்தார்கள். ஒன்று இறங்க மற்றொன்று ஏற, இரண்டும் சேர்ந்து நிலைபெற்றன. இட்ரியாவைக் கலந்தது வெறும் சேர்க்கை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிர்க்கோனியாவின் படிகத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய சில இடங்களை அது காலியாக்குகிறது. அந்தக் காலியிடங்கள் வழியே ஆக்சிஜன் அயனிகள் தாவுவதால்தான் மின்சாரமே ஓடுகிறது. கலப்பு இல்லையேல் விளக்கு இல்லை.

டங்ஸ்டன் இழை பல்பு வந்ததும் நெர்ன்ஸ்ட் விளக்கு கடைகளிலிருந்து மறைந்தது. தோற்ற பொருளை வரலாற்றின் தொடக்கத்தில் வைப்பது எப்படி என்று கேட்கலாம். தோற்றது விளக்கு, பொருள் தோற்கவில்லை. அகச்சிவப்பு நிறமாலைக் கருவிகளில் ஒளிமூலமாக அதே குச்சி பல பத்தாண்டுகள் வேலை செய்தது. 1937-இல் எமில் பாவரும் ஹான்ஸ் பிரைஸும் திட எரிமின்கலத்துக்கு அந்தச் சேர்மானத்தையே எடுத்தார்கள். காரின் புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் உணரியிலும் அதுவே இருக்கிறது. காற்றில் 2,000 டிகிரியைத் தாண்ட வேண்டிய சிறப்பு உலைகளுக்கு இன்றும் சிர்க்கோனியாக் கோல்தான். முன்சூடு காட்டும் பழைய தொல்லையும் மாறவில்லை.

இரண்டாம் வகையான தோல் போர்த்தும் பொருளை முதலில் நாம் அறிந்தது உலோகத்தில். ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலோடு குரோமியத்தைக் கலந்து 1906-இல் காப்புரிமை பெற்ற நிக்ரோம்தான் இன்றும் இஸ்திரிப்பெட்டியிலும் காயில் அடுப்பிலும் சிவக்கிறது. குரோமியம் ஆக்ஸைடாகி மேலே படர்வதால் உள்ளிருக்கும் உலோகம் பிழைக்கிறது. சுவீடனின் ஹால்ஸ்டாஹாமரில் ஹான்ஸ் ஃபோன் கான்ட்சோ இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் சேர்த்தபோது, அலுமினாத் தோல் இன்னும் உறுதியாக அமைந்தது. எல்லை சுமார் 1,400 டிகிரிக்கு ஏறியது. தன் பெயரையும் ஊரின் பெயரையும் இணைத்து அதற்குக் காந்தல் என்று பெயரிட்டார். அடிப்பிடித்துக் கருகியதை நாம் காந்தல் என்கிறோம். எங்கோ சுவீடனில் பிறந்த சொல் தமிழ்க் காதில் இவ்வளவு பொருத்தமாக விழுவது தற்செயல்தான், ஆனால் மறக்க முடியாத தற்செயல். அதற்கு மேல் உலோகக் கலவையால் ஏற முடியவில்லை. உலோகமே தளர்ந்து உருகுநிலையை நெருங்கும் இடம் அது.

சிலிக்கான் கார்பைடு இதற்கெல்லாம் முன்பே பிறந்துவிட்டது. 1891-இல் பென்சில்வேனியாவின் மொனாங்கஹீலாவில் எட்வர்டு அச்சிசன் ஓர் இரும்புச் சட்டியில் களிமண்ணையும் கோக் கரித்தூளையும் கலந்து மின்சாரம் பாய்ச்சினார். கரிக்கோலின் நுனியில் ஒட்டியிருந்த மின்னும் துணுக்கு ஒன்றைப் பென்சில் முனையில் எடுத்துக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தார், கண்ணாடி கீறியது. அது கரியும் குருந்தமும் சேர்ந்தது என்று தவறாக எண்ணிக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். முதலில் அது சாணைக்கல்லாகத்தான் ஊரெங்கும் போயிற்று. 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கூட்டோடு தொடங்கிய தொழிலும் சாணைப்பொருளுக்கானதே. இதே பொருளை உலைக்கோலாக மாற்றப் பல ஆண்டுகள் ஆயின. குளோபார் என்ற பெயரில் அது பரவியது 1920-களில்தான். தற்செயலாகக் கிடைத்ததற்கு இவ்வளவு மதிப்பா என்பவருக்கு இந்த இடைவெளியே பதில். கோல் முழுவதும் ஒரே மாதிரி சூடானால் உலைச்சுவருக்குள் நிற்கும் முனைகளும் மின்னிணைப்பும் வெந்துபோகும். அதனால் முனைகளில் மட்டும் உருகிய சிலிக்கானை ஊறவைத்து மின்தடையைக் குறைத்தார்கள். நடு சிவக்க, முனை ஆறியிருந்தது. கார்பைடு மட்டுமே போதவில்லை, இங்கும் கலப்பு தேவைப்பட்டது. அதன் மேல் படரும் சிலிக்காத் தோல் 1,500 டிகிரிக்கு மேலும் காக்கிறது. ஆனால் ஆக்சிஜன் துளைகள் வழியே மெல்ல மெல்ல உட்புகுவதால் மின்தடை ஆண்டுக்காண்டு ஏறும். உலைக்காரர் டிரான்ஸ்பார்மரில் வோல்ட்டை ஒவ்வொரு படியாகக் கூட்டிக்கொண்டே போவார். ஒரு கோல் உடைந்தால் புதியதை மட்டும் செருகாமல் முழு வரிசையையும் மாற்றுவார், பழையதும் புதியதும் சமமாகச் சூடாகாது என்பதால்.

1950-களின் நடுவில் காந்தல் கலவையைத் தயாரித்த நிறுவனமே கொண்டுவந்த மாலிப்டினம் டைசிலிசைடு கோலில் இந்தக் கதை முதிர்கிறது. மாலிப்டினம் உலோகத்துக்குக் காற்றில் வாழ்வில்லை. சிலிக்கானோடு சேர்ந்ததும் கண்ணாடி போன்ற சிலிக்காத் தோல் மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் அடுத்த சூட்டில் தானே கூடிக்கொள்ளும். ஆனால் இந்தப் பொடியை மட்டும் வைத்துக் கோல் பிழிய முடியாது. பென்டோனைட் களிமண்ணைச் சேர்த்துப் பிசைந்து பிழிந்தார்கள்; சுட்டபோது அந்தக் களிமண் கண்ணாடியாகி மணிகளுக்கு இடையே நிரம்பியது. கோலின் பருமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். உலகின் மிகச் சூடான உலைக்கோல்களில் ஒன்று, பாதி வழி குயவரின் முறையிலேயே பிறந்திருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் புரியும்: ஊசிமுடி போல வளைந்த 6 மில்லிமீட்டர் கோல், மேலே இரண்டு மடங்கு தடித்த கால்கள். ஆறியிருக்கும்போது பீங்கான் போலப் பட்டென்று ஒடியும், 1,200 டிகிரிக்கு மேல் இளகும். ஆகவே படுக்கவைக்காமல் உலைக் கூரையிலிருந்து தொங்கவிடுகிறார்கள். இதற்கு ஒரு விசித்திரமான பலவீனமும் உண்டு: 500 டிகிரி அளவில் நெடுநேரம் நின்றால் தோல் சரியாக மூடாமல் பொருளே பொடிந்துபோகலாம். எரிக் ஃபிட்சர் 1955-இல் விவரித்த இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் கொள்ளைநோயின் பெயரையே சூட்டினார்கள். அதிகச் சூட்டில் வாழ்ந்து குறைந்த சூட்டில் அழியும் பொருளை உருகுநிலை எப்படி விளக்கும்? தோல்தான் விளக்கும்.

இரண்டு மறுப்புகளை எடைபோட வேண்டும். வெற்றிடத்தில் கிராஃபைட்டும் டங்ஸ்டனும் 2,000 டிகிரிக்கு மேலும் போகின்றனவே, அங்கே தோல் எங்கே என்பது முதலாவது. அங்கே தோல் உலையின் மேல் இருக்கிறது: வெற்றிடப் பம்பு, மூடிய தொட்டி, மந்த வாயு. காவலை நீக்கவில்லை, கோலிலிருந்து தொட்டிக்கு மாற்றியிருக்கிறார்கள். பல ஆக்ஸைடுப் பீங்கான்கள் வெற்றிடத்தில் ஆக்சிஜனை இழந்து கெடும் என்பதால் அந்தக் காவல் எங்கும் உதவாது. இரண்டாவது வலுவானது: அச்சிசனும் மார்ஷும் தோலைத் தேடிப் போகவில்லையே, பின்னால் வந்தவரின் விளக்கத்தை முன்னோர் தலையில் ஏற்றலாமா? அவர்கள் எண்ணம் அதுவல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை வீசுவது என்று தீர்மானித்தது ஆய்வகத்து எண்ணம் அல்ல, ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் எரிந்த உலைகள். அவை வைத்துக்கொண்டவற்றை வரிசைப்படுத்தினால் குரோமியா, அலுமினா, சிலிக்கா என்று தோல்களின் வரிசைதான் கிடைக்கிறது.

சென்னையின் பல் ஆய்வகம் ஒன்றில் இந்த வரலாற்றின் இரு கிளைகளும் இன்று ஒரே பெட்டிக்குள் சந்திக்கின்றன. கடைவாய்ப்பல்லுக்கு மாட்டும் வெள்ளை உறை, இட்ரியா கலந்த சிர்க்கோனியா. நெர்ன்ஸ்டின் குச்சிக்கு நெருங்கிய உறவு. அதை 1,500 டிகிரி அளவில் சுடும் சிறிய உலையில் பெரும்பாலும் தொங்குவது டைசிலிசைடுக் கோல். உலை ஆறும்போது கோலின் சிலிக்காத் தோல் சில வேளை செதில் செதிலாக உரியும். உரிந்த கோலிலிருந்து கிளம்பும் மாசு உறையில் பட்டால் வெள்ளைப்பல் மஞ்சளாகவோ பச்சையாகவோ வெளியே வரும். அப்போது தொழில்நுட்பர் உள்ளே எதையும் வைக்காமல் வெறும் உலையை உச்சச் சூட்டுக்கு ஏற்றி, சில மணி நேரம் அப்படியே விடுகிறார், கோல் தன் தோலை மறுபடி வளர்த்துக்கொள்ளும் வரை.