காய்ச்சல் தணித்த கைப்பிடித் தழை

பண்டை மருத்துவ நூல்களைப் பயில்வோரில் இருவகையினர் உளர். முன்னோர் மொழிந்தன யாவும் முடிந்த முடிபு எனக் கொள்வோர் ஒரு சாரார். அவை காலங்கடந்த கதைகள் எனத் தள்ளுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் செல்லாத மூன்றாம் வழியொன்று உண்டு. அவ்வழியிற் சென்று, இலட்சக்கணக்கானோர் உயிரைக் காக்கும் மருந்தொன்றைச் சீன அறிஞர்கள் கண்டெடுத்த வரலாற்றை இன்று காண்போம்.

சீன மருத்துவர் தம் சரக்குகளை வெம்மையுடையன, தண்மையுடையன எனப் பாகுபடுத்துவர். உடலில் வெப்பம் மிகுந்தவிடத்துத் தண்மையுடைய மருந்தை அளித்தல் அவர்தம் முறை. அங்ஙனம் கைப்புச் சுவையும் குளிர்ச்சித் தன்மையும் உடையதென அவர்கள் குறித்துள்ள பூண்டுகளுள் ஒன்று ‘சிங்ஹாவ்’. நுண்ணிதாகப் பிளந்த பசுந்தழையும் மஞ்சள் நிறச் சிறுபூவும் கொண்டு, நறுமணம் வீசி, ஓராண்டே வாழ்வது அது. தாவர நூலார் அதனை ‘ஆர்ட்டிமிசியா அன்னுவா’ என்பர். நம் நாட்டு மாசிபத்திரியும் அப்பேரினத்தைச் சேர்ந்ததே.

இப்பூண்டின் தொன்மைக்குச் சான்று யாது? ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரின் அருகே மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பெற்ற கல்லறையொன்றை 1973-இல் அகழ்ந்தனர். ஆங்குப் பட்டில் எழுதிய மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. ஐம்பத்திரண்டு நோய்களுக்குரிய மருந்துகளைக் கூறும் சுவடியொன்றில் சிங்ஹாவின் பெயர் காணப்படுகின்றது. ஆயினும் ஆண்டு அது காய்ச்சலுக்கன்று, மூல நோய்க்கே கூறப்பட்டுள்ளது.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தன. கி.பி. நான்காம் நூற்றாண்டில் கோ ஹொங் என்பார், அவசர காலத்துக்கு உதவும் மருந்துகளைத் தொகுத்துக் கைந்நூல் ஒன்று இயற்றினார். சட்டைக் கையினுள்ளே செருகிச் செல்லத்தக்கது என்னும் கருத்துப்பட அதற்குப் பெயரும் சூட்டினார். விட்டு விட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு அவர் கூறிய முறை மிக எளியது. ஒரு கைப்பிடிச் சிங்ஹாவை இரண்டு ‘ஷெங்’ அளவு நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சாறு முழுவதையும் பருக வேண்டும் என்பதே அது. பதினாறாம் நூற்றாண்டில் மாபெரும் மருந்து நூலைத் தொகுத்த லி ஷிஜெனும் அக்காய்ச்சலுக்கு இப்பூண்டு உதவுமெனக் குறித்தார்.

நூற்றாண்டுகள் உருண்டன. வியட்நாம் போரின்போது காடுகளில் இருந்த படைவீரரை மலேரியா வாட்டியது. அதுவரை கைகொடுத்து வந்த குளோரோகுயின் என்னும் மருந்து பலவிடங்களிற் பயனற்றுப் போயிற்று. வட வியட்நாமின் வேண்டுகோளை ஏற்ற சீன அரசு, 1967 மே 23-ஆம் நாள் மறைவானதோர் ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அந்நாளையொட்டி அதற்கு ‘523’ என்பதே பெயராயிற்று. 1969-இல் பெய்ஜிங்கிலுள்ள சீன மருத்துவக் கழகத்தைச் சேர்ந்த து யூயூ என்னும் பெண்மணி, மூலிகை ஆராய்ச்சிக் குழுவொன்றின் தலைவராக அமர்த்தப்பட்டார்.

அவர் குழுவினர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டினர். ஏறத்தாழ இருநூறு மூலிகைகளிலிருந்து எடுத்த 380 சாரங்களை நோயுற்ற எலிகளுக்கு அளித்துச் சோதித்தனர். சிங்ஹாவின் சாரம் ஒருகால் நற்பயன் தந்தது. மறுகால் அது குன்றியது. பலர் அத்துடன் அதனைக் கைவிட்டிருப்பர். து யூயூ மீண்டும் பழைய நூல்களை நாடினார். கோ ஹொங்கின் குறிப்பில் ஒரு சொல் அவர் கருத்தை ஈர்த்தது. மூலிகையைக் காய்ச்சிக் கஷாயமாக்குதலே சீனரின் பெருவழக்கு. கோ ஹொங்கோ ஊறவைத்துப் பிழிக என்றாரேயன்றிக் காய்ச்சுக என்றாரல்லர்! அங்ஙனமாயின், மருந்தின் ஆற்றலை வெப்பமே அழித்திருக்கக் கூடுமன்றோ?

35 பாகை வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதர் என்னும் நீர்மத்தைக் கொண்டு அவர் சாரத்தைப் பிரித்தார். 1971 அக்டோபர் 4-ஆம் நாள் சோதித்த 191-ஆம் மாதிரி, எலிகளின் உடலிலிருந்த மலேரியா ஒட்டுண்ணிகளை முற்றும் ஒழித்தது. அடுத்த ஆண்டு ஜூலைத் திங்களில் து யூயூவும் உடனாய்வாளர் இருவரும் அம்மருந்தைத் தாமே முதலில் உட்கொண்டு, அதனால் தீங்கில்லை எனத் தேர்ந்தனர். பின்னர் ஹைனான் தீவில் நோயாளிகளுக்கு அளித்து நற்பயன் கண்டனர். அவ்வாண்டு நவம்பரில் மருந்துப் பொருள் தூய படிகமாகக் கிடைத்தது. ‘ஆர்ட்டிமிசினின்’ என இன்று வழங்குவது அதுவே. அதன் மூலக்கூற்றில் உயிரிய அணுக்கள் இரண்டு இணைந்த பாலம் ஒன்று உண்டு. ஒட்டுண்ணியினுள் இருக்கும் இரும்போடு கலந்து அப்பாலம் முறியுங்கால் பிறக்கும் வினைமிகு துணுக்குகளே ஒட்டுண்ணியை மாய்க்கின்றன.

து யூயூவுக்கு 2015-இல் மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி வழங்கப்பெற்றது. ஆயினும் இது தனியொருவர் சாதனையன்று. யுன்னான், ஷாண்டுங் முதலிய மாநிலத்தாரும், நோயாளிகளிடையே பணிபுரிந்த மருத்துவரும் உழைத்து முற்றுவித்தது. 1940-களில் ஆண்டுதோறும் மூன்று கோடிப் பேரை மலேரியாவுக்கு ஆளாக்கிய சீன நாடு, 2021-இல் அந்நோய் நீங்கிய நாடென உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்று பெற்றது. கொசு ஒழிப்பும் நல்லாட்சி முறைகளும் அதற்குத் துணை நின்றன.

இங்கு மாணவர்கள் கருத்திற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கோ ஹொங்கைக் கண்மூடி நம்பியிருப்பின், இன்றும் தழையைப் பிழிந்துகொண்டே இருந்திருப்போம். தழையில் மருந்தின் அளவு செடிக்குச் செடி வேறுபடும். அளவு குறையின் நோய் தீராது. ஒட்டுண்ணியும் மருந்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிடும். ஆதலின் தழைத் தேநீரை உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்பதில்லை. பிற மருந்தோடு கூட்டி அளிக்குமாறே பணிக்கின்றது. அவரை நகைத்துத் தள்ளியிருப்பினோ, அவ்வொரு சொல் ஏட்டிலேயே உறங்கியிருக்கும். முன்னோர் சொல்லைச் செவிமடுத்துக் கேளுங்கள். கேட்டபின் சோதித்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்ததே கல்வி.