பாராமகாலில் ஒற்றும் ஆட்சியும்

தகடூர் என்னும் பழம்பெயருடைய தருமபுரி தூதினாற் புகழ்பெற்ற ஊராகும். அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு உரைக்கின்றது. தூது வெளிப்படையாக நிகழ்வது. ஆதலின் பாட்டுப் பெற்றது. ஒற்று அத்தகையதன்று. ஒற்றாடலைத் தனி அதிகாரமாக வகுத்த வள்ளுவரும், ஒற்றர்க்குப் பிறரறியச் சிறப்புச் செய்தலாகாதென விலக்கினார். ஒற்றர் வரலாற்றிற் பெயரின்றி மறைவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அத்தகையோர் இம்மண்ணின் தலைவிதியைப் பெரிதும் மாற்றிய காலம் ஒன்றுண்டு. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அந்நாளிற் பாராமகால் எனப்பட்டன. 'பாரா' என்பது பன்னிரண்டைக் குறிக்கும். பன்னிரு கோட்டைகளை உடைமையால் வந்த பெயர் என்பர். கருநாடகச் சமவெளியினின்று மைசூர் மேட்டுநிலத்திற்கு ஏறும் கணவாய்கள் இந்நாட்டின் வழியே அமைந்தன. இதனைக் கைக்கொண்டவர்க்குத் திப்பு சுல்தானின் வாயில் திறந்ததாகும்.

கணவாய்களுக்கு இப்பால் ஆம்பூரில் இருந்தவர் கும்பெனிப் படையின் காப்டன் அலெக்சாண்டர் ரீடு. ஒற்றுத் துறை அவர் பொறுப்பில் இருந்தது. 1788-இல் அவருக்குத் துணைவராக வந்தவர் தாமசு மன்றோ. நாட்டு மொழிகளைக் கற்றிருந்தமையே இவ்விளைஞர்க்குத் தகுதியாயிற்று. ஹர்க்காராக்கள் எனப்பட்ட நடையர் செய்தி கொணர்ந்தனர். படையின் அளவு மட்டுமன்றித் தானியக் கையிருப்பு, வழியிலுள்ள நீர்நிலை, வரியின் அளவு, பாளையக்காரர் மனநிலை ஆகிய அனைத்தும் அத்துறைக்கு வேண்டியனவே.

1791 மே மாதத்தில் கார்ன்வாலிசின் படை உணவின்றிச் சீரங்கப்பட்டணத்தினின்று பின்வாங்கியது. பெரும் பீரங்கிகளைத் தானே அழித்துவிட்டுத் திரும்பிற்று. அப்படை மீண்டும் எழுவதற்கு ரீடு திரட்டிய பிரிஞ்சாரிகளின் பொதிமாடுகள் பெருந்துணையாயின. எந்த நாயகன் எங்கே மாடுகளுடன் இருக்கின்றான் என்பதை அறிதலும் ஒற்றே அன்றோ! எனினும் ஒற்று எல்லாம் வல்லதன்று. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் மாக்சுவெல் பெண்ணாகரத்தைப் பிடித்தார். நவம்பரிற் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை மோதித் தோற்றுப் பின்வாங்கினார். காவலர் தொகையை ஒற்றன் உரைக்கலாம். பாறையைத் தாழ்த்துதல் அவனால் ஆகாது.

திப்புவும் ஒற்றில் இளைத்தவர் அல்லர். 1792 உடன்படிக்கைக்குப் பின் பிணையாகச் சென்னைக்குச் சென்ற அவர்தம் மக்களுடன் வக்கீல்களாகச் சென்ற குலாம் அலி கான், அலி ரசா கான் ஆகியோர் ஆர்க்காட்டு நவாபுடன் மறைமொழியில் தொடர்பு கொண்டனர் என்று ஆங்கிலேயர் பின்னர்க் குற்றஞ்சாட்டினர். 1801-இற் கருநாடகத்தைக் கவர்தற்கு அக்கடிதங்களே காரணமாகக் காட்டப்பட்டன.

ஆங்கிலேயர்க்குச் செய்தி தந்தோரைத் துரோகிகள் என ஒரு சொல்லாற் கடிதல் எளிது. திப்புவின் போர் அயலாட்சியை எதிர்த்த போரே என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் பாளையமிழந்த தலைவனும், இருபுறத்துப் படைகளாலும் விளைவை இழந்த உழவனும் மைசூரைத் தம் நாடென்று கருதினர் எனக் கொள்வதற்குச் சான்று வேண்டும். பிற்காலத்து நாட்டுணர்வை அவர்கள்மேல் ஏற்றி அளத்தல் முறையன்று.

ஒற்றின் பெருவிளைவு போருக்குப் பின்னரே தோன்றியது என்பது எம் கருத்து. 1792-இற் பாராமகால் கும்பெனிக்கு உரியதாயிற்று. நாட்டு மொழியறியாத சென்னைச் சிவில் அதிகாரிகளிடம் அதனை ஒப்படைக்கக் கார்ன்வாலிசு விரும்பவில்லை. ரீடையே தலைமை அதிகாரியாக்கினார். மன்றோ, கிரஹாம், மக்லியாடு ஆகிய படைவீரர் துணைவராயினர். மன்றோ தருமபுரியில் தங்கினார். பகைவன் நாட்டை அறியப் பழகிய கண், இப்போது குடிகளின் வயலை அளக்கத் தொடங்கியது. யார் உழுகின்றார், எவ்வளவு விளைகின்றது, எவ்வளவு கொடுக்க இயலும் எனும் வினாக்கள் முன்னும் பின்னும் ஒன்றே. வினவுவோன் மறைந்து நின்றது போய் வெளிப்பட நின்றான், அவ்வளவே. பின்னாளிற் சென்னை மாகாணம் முழுதும் பரவிய இரயத்துவாரி முறை இங்கே கருக்கொண்டது. அம்முறையைக் குடிகள்பாற் கொண்ட அன்பின் விளைவாக மட்டும் போற்றுவோர் அதன் பிறப்பிடத்தை மறந்தவராவர்.

1799-இல் ஹாரிசின் பெரும்படை இப்பாராமகால் வழியே இராயக்கோட்டை சென்று, மார்ச்சு மாதத்தில் மைசூர் எல்லையுட் புகுந்தது. படைக்கு வேண்டிய தானியத்தைத் திரட்டும் பணி ரீடினிடமும் அவர் துணைவரிடமும் இருந்தது. எவ்வூரில் எவ்வளவு நெல் உண்டு என்பதை ஏழாண்டுக் கணக்கேடுகள் முன்னரே அவர்க்குக் கூறியிருந்தன. மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது.